ஆபரேஷன் முடிந்த இரவு குழந்தை தூங்கவில்லையா?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு அம்மா. ஆறு வயது மகனுக்கு வேலூரில் டான்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்கும் அழைத்து வந்துவிட்டார். ஆனால் நள்ளிரவு தாண்டியும் பையன் தூங்கவில்லை. "பசிக்குதும்மா" என்று துறுதுறுவென்று உட்கார்ந்திருக்கிறான். 'மயக்க மருந்து ஒத்துக்கலையோ?' என்று அம்மாவுக்குப் பயம். காலையில் ஷிப்ட்டுக்கும் போகணும்.

இப்படி ஒரு நிலை உங்களுக்கும் வரலாம். வாந்தி வராமல் இருக்கக் கொடுத்த மருந்தும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏன் கொடுக்கிறார்கள்?

மயக்கம் தெளியும்போது பல குழந்தைகளுக்கு வாந்தி வரும். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள், டான்சில் அல்லது மாறுகண் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள், முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். வாந்தி தொடர்ந்தால் உடம்பில் நீர்ச்சத்து குறையும், வலி கூடும், வீடு திரும்புவதும் தள்ளிப்போகும். அதனால் ஆபரேஷன் நேரத்திலேயே ஊசி மூலம் மருந்து தருகிறார்கள்.

எந்த மருந்து என்ன செய்யும்?

• ஆன்டான்செட்ரான்: அதிகம் பயன்படுவது. பொதுவாகத் தூக்கத்தைக் கெடுக்காது. சிலருக்குத் தலைவலி, மலச்சிக்கல் வரலாம்.

• டெக்ஸாமெத்தசோன்: ஸ்டீராய்டு வகை. வாந்தியோடு வீக்கத்தையும் குறைக்கும். சில குழந்தைகளுக்குப் பசி, படபடப்பு, தூக்கமின்மை வரலாம். ஒரே டோஸ் என்பதால் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

• புரோமெத்தசின்: நல்ல தூக்கம் வரும். இரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாது; மூச்சு குறையும் ஆபத்து உண்டு.

வலி, பயம், புது இடம் ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். சில நாட்கள் கெட்ட கனவு வருவது, அம்மாவை ஒட்டிக்கொண்டே இருப்பது, படுக்கையில் சிறுநீர் போவது எல்லாம் பல குழந்தைகளிடம் காணப்படுபவைதான். திட்டாதீர்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். வலி மருந்தை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டியவை

• குழந்தையின் சரியான எடை. மருந்தின் அளவு அதை வைத்தே முடிவாகிறது.
• பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?
• இதயக் கோளாறு, சர்க்கரை நோய், மருந்து அலர்ஜி உண்டா?

வீடு திரும்பும்போது "வாந்திக்கு என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது

தூங்கவில்லை என்று வீட்டில் இருக்கும் சளி சிரப்பைக் கொடுக்காதீர்கள். சில சிரப்புகளில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்த மருந்தோடு சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

• எழுப்பினாலும் எழாத மயக்கம்
• மூச்சுத் திணறல், உதடு நீலமாவது
• நிற்காத வாந்தி, பல மணி நேரம் சிறுநீர் போகாதது
• கழுத்து, கண் ஒரு பக்கமாக இழுப்பது
• டான்சில் ஆபரேஷன் என்றால்: வாயில் ரத்தம், தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்குவது

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். மருத்துவ ஆலோசனைக்கு 104. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குழந்தையின் ஆபரேஷன் வருமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். இந்த எண்களை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.