மெல்லக் கரையும் உரம்

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு கற்கண்டைப் போடுங்கள். சிறிது நேரத்தில் அது கரைந்து மறைந்துவிடும். இன்னொரு கற்கண்டை உருக்கிய மெழுகில் தோய்த்தெடுத்து, ஆறிய பின் ஊசியால் ஒரு துளையிட்டு, வேறொரு டம்ளரில் போடுங்கள். இது கரைந்து முடிய வெகுநேரம் பிடிக்கும். நீர் உள்ளே புகவும் கரைசல் வெளியே வரவும் அந்தச் சிறு துளை ஒன்றே வழி. மெதுவாக வெளிப்படும் உரங்களின் தத்துவம் இதுதான்.

தொட்டிகளில் ஆர்க்கிட் வளர்ப்போர் சிலர் இத்தகைய உறையிட்ட உர மணிகளை இடுகிறார்கள். கரித்துண்டுகளிலும் மரப்பட்டையிலும் வளரும் அச்செடிக்கு, உரத்தைப் பிடித்துவைக்க மண் இல்லையல்லவா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெப்பம் கூடினால் உறை வழியே சத்து பரவும் வேகமும் கூடும். 21 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் வரும் மணி, தஞ்சாவூர் வெயிலில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

சரி, தொட்டியை விட்டு வயலுக்கு வருவோம். காவிரிப் பாசன நெல்வயலில் இடும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து இருக்கிறது. 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ. இதில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. மீதி எங்கே போகிறது?

நீரில் கரைந்த யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி, தேங்கிய நீரிலிருந்து அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலக்கிறது. எஞ்சிய அம்மோனியம் நேர்மின்னூட்டம் உடையது. களிமண் துகள்களோ எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே மண் அதை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இதுவரை நட்டமில்லை.

ஆனால் காற்றுப்படும் மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டும் எதிர்மின்னூட்டம் உடையது. களிமண் அதைப் பிடிப்பதில்லை. அது நீரோடு கீழிறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கலாம். அல்லது காற்றில்லாத அடிச்சேற்றில் வேறு நுண்ணுயிர்களால் வாயுவாக மாறி வெளியேறலாம். அவ்வாயுக்களுள் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, புவியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்கு வலியது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது வயல் காய்வதும் நனைவதுமாக இருப்பதால் இந்த இழப்பு மிகும்.

இங்கேதான் வேம்பு துணைக்கு வருகிறது. வேம்பிலுள்ள கசப்புப் பொருள்கள், அம்மோனியத்தை மாற்றும் நுண்ணுயிர்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன. மெழுகு நீரைத் தடுத்தது; வேம்பு நுண்ணுயிரைத் தடுக்கிறது. வழி வேறு, பயன் ஒன்று. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து இடும் முறை தமிழக உழவர்களுக்குப் புதிதல்ல. 2015இல் மத்திய அரசு, உள்நாட்டில் தயாராகும் மானிய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கியது. கந்தக உறையிட்ட யூரியாவும் 2023இல் அறிமுகமாயிற்று.

அப்படியானால் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை எப்படி இட்டாலும் நட்டமில்லையா? இல்லை. வேம்பு தடுப்பது இரண்டாவது மாற்றத்தையே. யூரியா அம்மோனியமாவதை அது நிறுத்துவதில்லை. நிறைந்த நீரில் ஒரே தடவையில் விசிறினால் அம்மோனியா ஆவியாகவே செய்யும். எனவே நீரை வடித்து, சேற்றில் படியுமாறு இடவேண்டும். நடவு, தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் எனப் பிரித்து இடவேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் யாரேனும் யூரியா விசிறக் கண்டால், வரப்பில் நின்று வயலில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். மூட்டையில் எவ்வளவு பயிருக்கு, எவ்வளவு காற்றுக்கு என்பதை அந்த நீரே சொல்லிவிடும்.