ஒரே வரியில் அடங்காத பட்டியல்

"காக்கா, நேற்று வரைக்கும் ஒழுங்கா கொம்பைல் ஆன புரோகிராம். ரெண்டு பைல் புதுசாச் சேர்த்தேன், கொமாண்ட் லைன் டூ லோங் என்று நிற்குது." ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பாலமுனைத் தம்பி ஒருவர் கேட்டது. வீட்டில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய மெஷின். அவர் சேர்த்த பைல்களில் ஒரு பிழையும் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இது வெறும் கணக்கு.

பைல்கள் ஒவ்வொன்றாகக் கொம்பைல் ஆகும்வரை சிக்கல் வராது. கடைசியில் லிங்கர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் அத்தனை பெயரும் ஒரே வரியில் வர வேண்டியிருக்கிறது. எக்ஸ்பியின் கொமாண்ட் விண்டோ ஒரு வரியில் 8191 எழுத்துக்கு மேல் ஏற்காது. சி டிரைவின் 'டொக்கியுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' போல்டரைத் தாண்டவே ஆங்கிலத்தில் 26 எழுத்துப் போய்விடும். அதற்குப் பிறகு ஆளின் பெயர், புரொஜெக்டின் பெயர், பைலின் பெயர். ஒன்றுக்கு 60 எழுத்து என்று வைத்தால் 150 பைலுக்கு 9000.

முதலில் புரொஜெக்டை சி டிரைவின் மேல்மட்டத்தில் ஓரெழுத்துப் போல்டருக்கு மாற்றிப் பாருங்கள். பிழை மறைந்தால் நோய் நீளம்தான். ஆனால் பைல் பெருகினால் திரும்பவும் வரும்.

நிலையான மருந்து ரெஸ்பொன்ஸ் பைல். கல்யாண வீட்டுச் சாமான் வாங்க ஒரு பையனை அக்கரைப்பற்றுக்கு அனுப்பினால் எழுபது சாமானையும் வாயால் சொல்லமாட்டோம், துண்டில் எழுதிக் கொடுப்போம். அதேபோலப் பெயர்களையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி, கட்டளையில் @ போட்டு அந்தப் பைலின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். டொஸ் காலத்திலேயே பொர்லண்ட் லிங்கருக்கு இது தெரியும். தெரியாமல் முடியுமா? டொஸ் கட்டளையின் பின்பகுதிக்கு ஒதுக்கிய இடமே 128 பைட். அதிலும் நீளத்தைக் குறிக்க ஒன்று, முடிவைக் குறிக்க ஒன்று போனால் மிச்சம் 126.

ஒரு பொறி இருக்கிறது. ஜிசிசி கொம்பைலர் அந்த ரெஸ்பொன்ஸ் பைலை வாசிக்கும்போது '\' குறியைப் போல்டர் பிரிப்பாக எடுக்காது, விழுங்கிவிடும். பாதைகளை '/' போட்டு எழுதுங்கள். பலர் இங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

லினக்ஸில் கதை வேறு. நீங்கள் நட்சத்திரக் குறி ஒன்றைத்தான் போடுவீர்கள், ஷெல் அதை ஆயிரம் பெயராக விரித்துக் கேர்னலிடம் கொடுக்கும். 2007 இல் வந்த 2.6.23 கேர்னலுக்கு முன்பு, சூழல் மாறிகளையும் சேர்த்து 128 கிலோபைட்டுக்கு மேல் இடமில்லை. அங்கே எண்ணப்படுவது பைட். யூடிஎஃப்-8 இல் 'பாலமுனை' என்று போல்டருக்குப் பெயர் வைத்தால் 21 பைட், ஆங்கில எழுத்தில் வைத்தால் 9. எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கட்டளை பட்டியலைத் துண்டு துண்டாக்கி அனுப்பும். பைல்களை அழிக்கவும் லைப்ரரியில் சேர்க்கவும் அது போதும். லிங்கருக்கு எல்லாம் ஒரே தடவையில் வேண்டும் என்பதால் அங்கே அது உதவாது.

புது மெஷின் வாங்கினால் தீருமா என்று தம்பி கேட்டார். விண்டோஸ் 11 இன் கொமாண்ட் விண்டோவிலும் எல்லை அதே 8191 தான்.