கணையப் புற்றுநோயில் கே-ராஸ் சமிக்ஞைத் தடம்

கே-ராஸ் என்பது உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதம் ஆகும். கணைய நாளப் புற்றுநோய்களில் சுமார் 90 விழுக்காட்டில் இதன் மரபணு திடீர்மாற்றம் அடைந்துள்ளது.

செயல்படும் விதம்

வளர்ச்சிக் காரணி உயிரணுவின் ஏற்பியுடன் இணையும்போது, கே-ராஸ் குவானோசின் டிரைபாஸ்பேட் மூலக்கூற்றைப் பற்றி இயங்கத் தொடங்கும். ராஃப், மெக், எர்க் புரதங்கள் வழியே செய்தி உட்கருவை அடையும். அங்கு எர்க், படியெடுத்தல் காரணிகளைத் தூண்டி, உயிரணுப் பிரிவுக்கான மரபணுக்களை வெளிப்படச் செய்யும். பற்றிய மூலக்கூறு சிதைக்கப்பட்டதும் கே-ராஸ் ஓய்ந்துவிடும்.

திடீர்மாற்றத்தில், 12ஆம் இடத்துக் கிளைசினுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அஸ்பார்டிக் அமிலம் அமைகிறது. இதனால் அச்சிதைவு தடைபட, அணைக்க முடியாத சுவிட்சு போல மரபணுக்கள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. வளர்ச்சியை அடக்கும் ஸ்மாட்4 புரதமும் ஏறத்தாழப் பாதிப் புற்றுகளில் இழக்கப்படுகிறது.

தென்னிந்தியாவில்

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும் வெப்பமண்டலக் கணைய அழற்சி, மது அருந்தாத இளவயதினருக்கும் வருவது. இதில் கணைய நாளத்தில் கற்கள் உண்டாகும், நீரிழிவும் தோன்றும். பலரிடம் ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் உள்ளது. நீண்டகால அழற்சி, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது.

முதுகுக்குப் பரவும் வயிற்றுவலி, காரணமற்ற எடைக்குறைவு, மஞ்சள் காமாலை ஆகியவை இந்நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் உண்டு காத்திருந்தால், அறுவை சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடக்கூடும்.