உலக்கைக்குப் பூண், பல்லுக்குக் கேப்

எந்தப் பல் மருத்துவரிடமும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "ரூட் கேனல் முடிஞ்சு வலியும் போயிடுச்சே, இன்னும் கேப் எதுக்கு டாக்டர்?"

வலி போனாலும் பல் பழைய பல் அல்ல. சொத்தை தின்றது பாதி, சிகிச்சைக்காகக் குடைந்தது மீதி என்று, கடைவாய்ப் பல்லில் மிஞ்சுவது மெல்லிய சுவர்கள்தான். முறுக்கைக் கடித்தால், ஆப்பு இறங்கிய விறகுபோல அவை பிளந்துவிடலாம். உலக்கை பிளக்காமலிருக்க நுனியில் இரும்புப் பூண் மாட்டுவோமே, அந்த வேலையைத்தான் கேப் செய்கிறது.

மருத்துவர் முதலில் குழியை அடைத்து, பல்லின் மேற்புறத்தை 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை ராவுவார். பக்கங்களையும் மேல்நோக்கிச் சற்றே குறுகும்படி இழைப்பார். பிறகு பிசைந்த மாவு போன்ற சிலிக்கோனைக் கடிக்க வைத்தோ, ஸ்கேனர் கொண்டோ அளவெடுப்பார். நிரந்தர கேப் வரும்வரை தற்காலிக கேப் ஒன்று காவலிருக்கும்.

உலோகக் கேப் பிறக்கும் விதம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்குப் பழகியதுதான்: மெழுகில் வடிவம் செய்து, அச்சுக்குள் வைத்து உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. பல் மருத்துவத்தில் இதைப் பரப்பியவர் அமெரிக்கரான வில்லியம் டாகார்ட், 1907இல். இன்று பலர் கேட்கும் சிர்கோனியா வேறு வகை. சுண்ணக்கட்டி போன்ற வட்டிலிருந்து இயந்திரம் அதைக் கடைந்தெடுக்கும். தேவையான அளவைவிட ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் வெந்ததும் சுருங்கி, இறுகி, சரியான அளவுக்கு வந்துவிடும்.

பொருத்தும் நாளில் நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். மை அழுத்தமாகப் படிந்த மேட்டைத் தேய்த்துச் சரிசெய்த பிறகே சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள்.

பூண் நிற்க மரம் வேண்டும். ஈறுக்கு மேலே 2 மில்லிமீட்டர் அளவாவது நல்ல பல் சுற்றிலும் இருந்தால்தான் கேப்புக்குப் பிடிமானம். தள்ளிப்போட்டு, பல் ஈறோடு உடைந்துவிட்டால் பிடுங்குவதுதான் வழி என்றாகிவிடலாம்.

இன்னொன்று: கேப் சொத்தையாகாது, அதன் விளிம்புக்கடியில் இருக்கும் பல் சொத்தையாகும். ரூட் கேனல் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் கூச்சமோ வலியோ முன்கூட்டிச் சொல்லாது. ஆகவே பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து, கேப்பும் ஈறும் சேரும் கோட்டைத் தினமும் இருவேளை தேயுங்கள்.