கல்லறைக் கல்லும் நம் பாடமே!



ஆண்டு மலருக்குக் கல்லறையைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும், "ஏண்டா, வேற விஷயமே கிடைக்கலையா?" என்று ஹாஸ்டலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பீங்கான் படிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைப்பது கஷ்டம். கல்லை எப்படிச் சுத்தம் செய்வது, எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கான பாடங்கள் பெரும்பாலும் நம் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்குச் சில நாள் முன்னதாகவே கல்லறைத் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். போன வருஷம் கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் (பெயர் வேண்டாமே!) ஒரு பளிங்குக் கல்லைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஆனால் அதில் பெயரைக் காணோம்! பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: "வருஷா வருஷம் ஆசிட் ஊத்தித்தான் தேய்ப்பாங்க தம்பி. எழுத்து கொஞ்சங் கொஞ்சமாப் போயிடுச்சு. இப்ப வேப்பமரத்துலேர்ந்து மூணாவதுன்னுதான் அடையாளம்." அழுக்கோடு ஆளின் பெயரும் போய்விட்டது. இது ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்று பார்ப்போம்.

கல்லை அறிவோம்

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். நாம் கிளேஸில் சேர்க்கும் வைட்டிங்கும் அதுவேதான். அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் பொங்கி நுரைக்கும். "அழுக்கு கிளம்புது" என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் கிளம்புவது கார்பன் டை ஆக்சைடு, கரைவது கல்!

கிரானைட் என்பது ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா. பால் மில்லில் நாம் போடுகிற சரக்குதான். இது அமிலத்தில் அவ்வளவு எளிதாகக் கரையாது. ஆனால் இதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அமிலம் பட்டால் துருநிறக் கறையாக வெளிவரும்.

கல்லறைகளில் பதிக்கும் பீங்கான் புகைப்படத் தகடுகள் நம் துறையின் பிள்ளைகள். கிளேஸ் வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. ஆனால் படத்தின் வண்ணம் பெரும்பாலும் கிளேஸுக்கு மேலே, சுமார் 800 டிகிரியில் சுடப்பட்டது. அமிலமோ சபீனா போன்ற தேய்க்கும் பவுடரோ பட்டால் முகம் மங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

உப்பு என்னும் எதிரி

வாட்டர் அப்சார்ப்ஷன் பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? காயவைத்து எடை, தண்ணீரில் கொதிக்கவைத்து எடை, வித்தியாசத்தில் நுண்துளைகளின் கணக்கு. கல்லுக்கும் அதே கணக்குதான். ஆசிட், பிளீச்சிங் பவுடர் இவற்றின் மிச்சம் கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பாகத் தங்கும். கடற்கரை ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிறது. மேலே படிந்தால் செங்கலில் பார்க்கிற அதே உப்புப் பூப்புதான். உள்ளே படிந்தால் கல்லின் தோலையே உரித்துத் தள்ளிவிடும். எழுத்து இருப்பதும் அந்தத் தோலில்தான்!

உடைந்த பழைய கல்லைச் சிமெண்ட் வைத்துப் பூசுவதும் இதே கேட்டைச் செய்கிறது. சிமெண்ட் இறுகி ஈரத்தை அடைத்துவிட, ஈரமும் உப்பும் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். பழைய கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி.

மணல் பீய்ச்சலாமா?

மோ அளவுகோலில் பளிங்கின் கடினம் 3, ஃபெல்ஸ்பார் 6, மணலாகிய குவார்ட்ஸ் 7. இரண்டையுமே மணல் கீறிவிடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா? தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சி அடித்ததில் பல நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் சிற்பங்களும் மழுங்கின. அறிஞர்கள் எதிர்த்த பிறகே அந்த முறைக்குத் தடை வந்தது. செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில் நிற்கும் நம் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரியான முறை

1. வேலைக்கு முன் கல்லைப் போட்டோ எடுங்கள். எழுத்துகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, தோல் உரிந்தாலோ அந்தக் கல்லைத் தொடாதீர்கள்.

2. வெயில் ஏறும் முன் ஆரம்பியுங்கள். முதலில் சுத்தமான தண்ணீரால் கல்லை நன்றாக நனையுங்கள். நனைந்த கல் அழுக்கு நீரை அதிகம் உறிஞ்சாது.

3. நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. கீழிருந்து மேலாகத் தேய்த்தால் கோடு விழாது. தேய்க்கத் தேய்க்க அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

4. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் புகையல்ல, பாசி வகை உயிர்களே. ஊறவைத்து மூங்கில் சீவலால் மெல்ல எடுங்கள். பிடிவாதமான பாசிக்கு, நீர்த்த பென்சால்கோனியம் குளோரைடைக் கையுறை போட்டுக்கொண்டு பயன்படுத்தி, பிறகு நன்றாக அலசிவிடலாம்.

5. உப்பை எடுக்க நம் களிமண்ணே மருந்து! கழுவிச் சலித்த சீனாக் களிமண்ணை டிஸ்டில்ட் வாட்டரில் பிசையுங்கள். கல்லின்மேல் ஈர டிஷ்யூ பேப்பரை ஒட்டி, அதன்மேல் களிமண்ணை ஒரு செண்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். ஸ்லிப் காஸ்டிங்கில் பிளாஸ்டர் மோல்டு தண்ணீரை இழுக்கிறதல்லவா? அதேபோல, காயக் காயக் களிமண் கல்லின் ஈரத்தை உப்போடு இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் எடுத்துவிட்டு, அந்த மண்ணில் கொஞ்சத்தை டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். அதில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் பால்போல் வெளுக்கிறதா? குளோரைடு உப்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு பூச்சு போட வேண்டியதுதான்.

இது ஒரு தொழில்

இதையே தொழிலாகச் செய்பவர்கள் உலகெங்கும் உண்டு. உலகப் போர்களில் இறந்தவர்களின் கல்லறைகளைக் காக்க 1917-இல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். சென்னை நந்தம்பாக்கத்தில் அது பராமரிக்கும் இடத்தில் இரண்டாம் உலகப் போரின் 856 கல்லறைகள் உள்ளன. ஒவ்வொருவர் பெயரும் நிலைக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. அந்தக் கொள்கையை ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலர் விஷயத்தில் தாங்கள் காப்பாற்றவில்லை என்று 2021-இல் அந்த ஆணையமே மன்னிப்புக் கேட்டது. பெயர் என்பது அவ்வளவு பெரிய விஷயம்!

பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள டச்சுக்காரர்களின் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கல்லையும் ஓவியத்தையும் காக்க அத்துறைக்கென்று டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவியல் பிரிவே உண்டு. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கல்லில் அழிந்தாலும் அதில் பதிவான பெயர் அழியாது. ஆனால் அந்த நூல் முக்கியமான கல்லறைகளுக்குத்தான். நம் தாத்தா, பாட்டி பெயரை யார் எழுதி வைக்கப்போகிறார்கள்?

நாம்தான் எழுத வேண்டும்! வரும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாணவர் சங்கத்தின் சார்பில் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று கிளம்பட்டும். வாளி, நைலான் பிரஷ், ஒரு நோட்டு, ஒரு கேமரா போதும். உரியவர்களின் அனுமதியோடு நாலு கல்லைக் கழுவிக் காட்டுவோம். ஆசிட் பாட்டிலோடு வருகிறவர்களிடம், "அண்ணே, அது வேண்டாம். ஏன்னு சொல்றோம், கேளுங்க" என்று சொல்லும் தகுதி, பீங்கான் படிக்கும் நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள், நண்பர்களே!