ஈஸ்ட் தொடக்கியும் ஈஸ்ட் அறுவடையும்

ஈஸ்ட் தொடக்கி என்பது, வீட்டில் பீர் தயாரிப்போர் ஓரிரு நாள் முன்னதாகவே சிறிதளவு மால்ட் சாற்றில் ஈஸ்ட் செல்களைப் பெருக்கி வைக்கும் வளர்ப்பு ஆகும். நொதித்து முடிந்த பீரின் அடியில் தங்கும் ஈஸ்ட்டை எடுத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்துவது ஈஸ்ட் அறுவடை எனப்படும். நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. அங்கே வேலை செய்வது பாக்டீரியா. இங்கே ஈஸ்ட் என்னும் ஒருசெல் பூஞ்சை.

வீட்டில் பீர் தயாரிக்கப் பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1979 இல் கூட்டாட்சிச் சட்டம் இதை அனுமதித்தது. தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.

தொடக்கி ஏன் தேவை?

ஏல் வகைப் பீருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒவ்வொரு பிளேட்டோ பாகைக்கும், சுமார் 7.5 லட்சம் உயிருள்ள செல்கள் தேவை என்பது பொதுக் கணக்கு. பிளேட்டோ பாகை என்பது சாற்றில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவைக் காட்டுவது. 12 பாகையுள்ள 20 லிட்டர் சாற்றுக்கு இந்தக் கணக்குப்படி 18,000 கோடி செல்கள் வேண்டும். லாகர் வகைக்கு இதைப்போல் இரு மடங்கு. கடையில் கிடைக்கும் திரவ ஈஸ்ட் பொதி ஒன்றில் ஏறத்தாழ 10,000 கோடி செல்களே இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தாலும் மாதந்தோறும் அவற்றில் பல இறந்துபோகும். செல்கள் குறைந்தால் நொதித்தல் தாமதமாகத் தொடங்கும். அந்த இடைவெளியில் வேறு நுண்ணுயிர்கள் பெருகினால் 20 லிட்டரையும் கொட்டவேண்டியதுதான். உலர் ஈஸ்ட்டில் செல்கள் மிகுதி என்பதால் அதற்குத் தொடக்கி வேண்டியதில்லை.

தயாரிக்கும் முறை

ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உலர்ந்த மால்ட் சாரம் கரைத்தால் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.036 முதல் 1.040 வரை வரும். இதைவிடக் கெட்டியான சாறு செல்களை வருத்தும். வெறும் சர்க்கரையும் கூடாது. அதில் வளர்ந்த ஈஸ்ட் மால்ட்டோசைக் கையாளும் பழக்கத்தை இழந்துவிடும். கரைசலைப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, ஈஸ்ட்டைச் சேர்த்து, அலுமினியத் தாளால் தளர்வாக மூடவேண்டும். செல்சவ்வுக்கு வேண்டிய ஸ்டீரால்களை உருவாக்க ஈஸ்ட்டுக்கு ஆக்சிசன் தேவை. ஆகவே காந்தக் கலக்கியில் வைப்பார்கள், அல்லது அவ்வப்போது குலுக்குவார்கள். ஒன்றரை நாளில் வளர்ச்சி முடியும். பிறகு குளிர்பெட்டியில் வைத்தால் செல்கள் அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு வண்டலை மட்டும் சேர்க்கலாம். மேலே சொன்ன பற்றாக்குறையைக் கலக்கியில் வளர்த்த 2 லிட்டர் தொடக்கி பொதுவாக நிரப்பிவிடும்.

அறுவடை

பீரை வேறு கலத்துக்கு மாற்றும்போது அடியில் சிறிது பீரை விட்டுவைத்து, சுழற்றிக் கலக்கி, கிருமிநீக்கம் செய்த சாடியில் ஊற்றவேண்டும். சற்று நேரத்தில் பழுப்புக் கசடு கீழேயும், வெண்ணெய் நிறத்தில் ஈஸ்ட் நடுவிலும், பீர் மேலேயும் பிரியும். கொதித்தாறிய நீரில் ஈஸ்ட்டைக் கழுவிவைப்போர் உண்டு. ஆனால் பீருக்கு அடியிலேயே விடுவதே நல்லது. அதிலுள்ள அமிலமும் ஆல்ககாலும் ஹாப்ஸும் பாக்டீரியாவைத் தடுக்கும். சாடியின் மூடியை இறுக்கக்கூடாது. கார்பன் டைஆக்சைடு சேர்ந்து கண்ணாடி வெடித்த நிகழ்வுகள் உண்டு.

இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துவது நலம். அதற்கு மேலானால் புதிய தொடக்கியில் உயிர்ப்பிக்கவேண்டும். ஆல்ககால் மிகுந்த பீரிலிருந்து எடுத்த ஈஸ்ட் களைத்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பர். புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடவேண்டும். வீட்டில் ஐந்தாறு தலைமுறை எடுத்தபின் புதுப் பொதிக்கு மாறுவது வழக்கம்.