கழன்றுபோகாத கொக்கி

உடுப்பின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கொக்கி ஒரே ஒரு துண்டுக் கம்பியால் ஆனது. நடுத்தர அளவுக் கொக்கிக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கம்பி போதும். கம்பியை முதலில் நடுவில் மடிக்க வேண்டும். மடிப்பு விழுந்த தலைப்பைத் தன் மேலேயே திருப்பி வளைத்தால் அது கொக்கியின் அலகு. எஞ்சிய இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாகச் சுருட்டினால், துணியோடு வைத்துத் தைப்பதற்கான இரண்டு கண்கள். அலகுக்கும் கண்களுக்கும் இடைப்பட்ட இரட்டைக் கம்பிதான் தண்டு. கொக்கி மாட்டிக்கொள்ளும் வளையமும் இதே கம்பியில்தான் செய்யப்படுகிறது. அது குதிரை லாடம்போல வளைந்திருக்கும், அல்லது நேர்க்கோடாக இருக்கும்.

கம்பியை ஏன் நடுவில் மடிக்க வேண்டும் என்பதைக் கவனிப்பது நல்லது. ஒற்றைக் கம்பியை வளைத்தாலும் கொக்கி கிடைக்கும். ஆனால் அதன் நுனி வெட்டுப்பட்ட கூர்முனையாக இருக்கும். துணியில் சிக்கும், தோலைக் கீறும். நடுவில் மடித்த கம்பியில் அலகின் நுனி வழவழப்பான மடிப்பு. வெட்டுப்பட்ட இரண்டு முனைகளும் தையல் கண்களின் சுருளுக்குள் போய், நூலுக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. தண்டிலும் அலகிலும் இரண்டு கம்பிகள் இணையாக ஓடுவதால் வலிமையும் இரட்டிக்கிறது. ஒரே மடிப்பில் இத்தனை காரியம் முடிவது, நூற்றாண்டுக் கணக்கில் கைகள் செய்து பார்த்துத் தேறிய வடிவத்துக்கே உரிய சிறப்பு. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகைக் கம்பிக் கொக்கி புழக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில், ஊசித் தொழிலுக்குப் பேர்போன ரெடிட்ச் நகரம் இயந்திரத்தால் கொக்கி செய்வதிலும் முன்னின்றது.

இந்தப் பிணைப்பு இழுவிசையால் மட்டுமே நிற்கிறது. துணியின் இரு ஓரங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலக முயலும்போது வளையம் கொக்கியின் வளைவுக்குள் போய் அழுத்தமாக உட்காருகிறது. எவ்வளவு இழுத்தாலும் அது மேலும் இறுகுமே தவிர நழுவாது. நன்றாகச் செய்த கொக்கியில் கம்பி நிமிர்வதற்கு முன் தையல் நூல் விட்டுக்கொடுத்துவிடும். இழுவிசை தளரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. மூச்சை வெளியே விடும்போதும், குனியும்போதும், கையைப் பின்னால் கொண்டுபோகும்போதும் துணி ஒரு கணம் தொய்கிறது. வளையம் அலகின் நுனியை நோக்கி நகர்கிறது. மறுபடியும் துணி இறுகும் நேரத்தில் வளையம் நுனியைத் தாண்டியிருந்தால், கொக்கி கழன்றுவிடும். வரிசையில் ஒன்று கழன்றால் அதன் சுமை பக்கத்திலிருப்பவற்றின் மேல் விழும். துணி புடைத்து, அடுத்த கொக்கியும் தொய்யும்.

ஆகவே கொக்கியை மேம்படுத்துவது என்றால் அதன் பிடிவலிமையைக் கூட்டுவது அல்ல. பிடிவலிமை தேவைக்கு மேலேயே இருக்கிறது. இழுவிசை இல்லாத அந்த ஒரு கணத்தில் வளையத்தை எது தடுத்து நிறுத்தும் என்பதே கேள்வி.

தையற்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஓர் ஓரம் முழுவதும் கொக்கிகளையும் மறு ஓரம் முழுவதும் வளையங்களையும் தைக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக மாற்றித் தைத்தார்கள். துணி ஒரு பக்கமாக நகர்ந்து பாதிக் கொக்கிகள் தளர்ந்தாலும், எதிர்த்திசையைப் பார்த்திருக்கும் மறுபாதி பிடித்துக்கொள்ளும். நல்ல உபாயம்தான், ஆனால் மாட்டுவதற்கு நேரம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் உடலை இறுக்கிப் பிடித்த மேலுடுப்புகளில் வரிசை வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. முதுகுப் பக்கம் திறக்கும் உடுப்பாக இருந்துவிட்டால், மாட்டிவிட இன்னொருவர் உதவியும் வேண்டும். நடுவில் ஒரு கொக்கி கழன்றால் தானே சரிசெய்துகொள்ள முடியாது. இந்த அன்றாட அவதிதான் அந்தக் காலத்துக் காப்புரிமைப் பதிவேடுகளில் கொக்கிச் சீர்திருத்தங்களைப் பெருக்கியது.

அவற்றில் நிலைத்தது பிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிராங்க் டிலாங் என்பவர் 1889இல் காப்புரிமை பெற்ற கொக்கி. புதிதாக எந்த உறுப்பையும் அவர் சேர்க்கவில்லை. கொக்கியின் கம்பியிலேயே ஒரு சிறு மேடு எழும்பும்படி வளைத்தார், அவ்வளவுதான். அலகுக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடுக்கு அந்த இடத்தில் மட்டும் குறுகிப்போகிறது. வளையம் உள்ளே போகும்போது அலகைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மேட்டைத் தாண்டும். தாண்டியதும் அலகு பழைய நிலைக்கு இறங்கிவிடும். துணி தொய்ந்து வளையம் பின்னோக்கி வந்தாலும் மேட்டில் முட்டி நின்றுவிடும். ரிச்சர்ட்சன் அண்ட் டிலாங் பிரதர்ஸ் என்ற நிறுவனம் ‘அந்த மேட்டைப் பார்த்தீர்களா?’ என்ற வாசகத்தோடு இதை விற்றது. 1892இல் அந்த வாசகமே வணிகக் குறியாகப் பதிவாகி, கொக்கி தைத்த அட்டைகளில் அச்சானது. பொருளின் இயந்திரத் தத்துவத்தையே விளம்பர வாசகமாக்கி, வாங்குபவரின் கண்ணை அந்த அரை மில்லிமீட்டர் வளைவுக்குக் கொண்டுபோனது பாராட்டத் தக்க காரியம்.

மேடு எளியது, அதன் அளவைத் தீர்மானிப்பது எளிதல்ல. அலகு ஒரு குட்டையான விற்சுருள்போல வேலை செய்கிறது: ஒரு முனை வளைவில் பிடிபட்டிருக்கிறது, மறுமுனை மேலே தூக்கப்படுகிறது. 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பி இரண்டு, 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு அலகாக நீள்கின்றன என்று வைத்துக்கொண்டால், நுனியை 0.1 மில்லிமீட்டர் தூக்குவதற்கு ஏறத்தாழ ஐந்தரை நியூட்டன் விசை தேவை. அரை கிலோவுக்குச் சற்று அதிகமான எடை அது. மெய்யான கொக்கியில் வளைவும் கொஞ்சம் விரிந்துகொடுப்பதால் தேவைப்படும் விசை இதைவிடக் குறையும். என்றாலும் மேட்டின் உயரத்தில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ விரல் அந்த வேறுபாட்டை உடனே உணரும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. மேடு தாழ்ந்தால் கொக்கி கழலும். உயர்ந்தால் மாட்டவே முடியாது.

மேட்டின் இரண்டு சரிவுகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. உள்ளே நுழையும் பக்கம் 20 பாகைச் சரிவும், வெளியேறும் பக்கம் 45 பாகைச் சரிவும் இருப்பதாகக் கொள்ளலாம். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையேயான உராய்வுக் கெழு 0.2 என்றால், வெளியே இழுக்கத் தேவையான விசை உள்ளே தள்ளும் விசையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிறது. மாட்டுவது சுலபமாகவும் கழல்வது கடினமாகவும் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை. கூடுதல் கம்பி வேண்டாம். வளைக்கும் அச்சின் வடிவத்தை மாற்றினால் போதும்.

அலகின் நீளம் அடுத்த சிக்கல். மேலே சொன்ன அலகை 0.1 மில்லிமீட்டர் தூக்கும்போது அதன் அடியில் 330 மெகாபாஸ்கலுக்கு மேல் தகைவு உண்டாகிறது. நடுத்தரக் கடினமுள்ள பித்தளை நிரந்தரமாக வளைந்துவிடும் எல்லைக்கு இது மிக அருகில். அப்படி வளைந்துவிட்டால் அலகு மறுபடி இறங்காது. மேடு இருந்தும் பயனில்லாமல் போகும். அலகை 8 மில்லிமீட்டராக நீட்டினால் அதே தூக்கலுக்குத் தகைவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், ஏனெனில் தகைவு நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆனால் விறைப்பு நீளத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், மேட்டின் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். கம்பியைத் தடிமனாக்கலாம் என்றால், தடிமன் பத்து விழுக்காடு கூடியதும் விறைப்பு 46 விழுக்காடு கூடிவிடும். கொக்கியும் மெல்லிய துணிக்கு மேல் முண்டாகத் தெரியும். நீளம், தடிமன், மேட்டின் உயரம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்திழுப்பவை. ஒன்றை மட்டும் தனியாகத் திருத்த முடியாது.

கம்பியின் பதம் இதே அளவுக்கு முக்கியம். வளையத்தைக் கொள்ளும் அளவுக்கு 0.5 மில்லிமீட்டர் உள்ஆரத்தில் வளைக்கும்போது, 0.8 மில்லிமீட்டர் கம்பியின் வெளிப்புறம் 44 விழுக்காடு நீள வேண்டியிருக்கிறது. முழுக் கடினமான கம்பி அங்கேயே விரிசல் விடும். நன்றாகப் பதப்படுத்தி மென்மையாக்கிய கம்பி அழகாக வளையும். ஆனால் அதற்கு மீள்தன்மை கிடையாது. இடைப்பட்ட பதத்தைத் தேர்ந்து, வளைக்கும் செயலே வளைவைக் கடினப்படுத்தும்படி விட்டுவிடுவதுதான் நடைமுறை. இயந்திரத்தில் கம்பி உருளைகளுக்கிடையே நிமிர்ந்து வந்து, அளவாக வெட்டுப்பட்டு, நடுவிலுள்ள அச்சைச் சுற்றி நான்கு பக்கமிருந்தும் வரும் தள்ளுகட்டைகளால் ஒன்றன்பின் ஒன்றாக வளைக்கப்படுகிறது. விட்டதும் கம்பி சற்று நிமிரும் என்பதால் ஒவ்வொரு வளைவையும் தேவைக்கு மேல் கொஞ்சம் மிகையாகவே வளைக்க வேண்டும்.

உடலை ஒட்டியிருக்கும் பொருளுக்கு வியர்வைதான் எதிரி. கறுப்புப் பூச்சிட்ட இரும்புக் கொக்கியில் பூச்சு உரிந்ததும் துரு ஏறி, துணியில் பழுப்புக் கறை பிடிக்கும்; துவைத்தாலும் போகாது. பித்தளையில் பச்சை படியும். நிக்கல் முலாம் இரண்டையும் தடுத்தது, ஆனால் சிலருடைய தோலுக்கு நிக்கலே ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்த விதி, தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து ஒரு வாரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிப்படக் கூடாது என்று வரம்பிட்டது. அதனால் துருப்பிடிக்காத எஃகும், நைலான் பூச்சுள்ள கம்பியும் உள்ளாடைக் கொக்கிகளில் பரவின. பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு: மேட்டின் மேல் வளையம் உரசும் கரகரப்பைக் குறைக்கிறது. ஆனால் பூச்சின் தடிமன் இடுக்கையும் குறுக்குவதால், மேட்டின் அளவைப் பூச்சோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எவ்வளவு நல்ல கொக்கியானாலும் தையல் சரியில்லையென்றால் வீண். வளையம் இழுக்கும் கோடு துணியின் தளத்துக்குச் சற்று மேலே இருப்பதால், கொக்கியின் தலை துணியை விட்டு எழும்பப் பார்க்கும். இரண்டு கண்களில் மட்டும் தைத்துவிட்டால் தலை ஒவ்வோர் இழுப்பிலும் தூக்கும். அலகு சாய்ந்து வளையம் நழுவ வழி பிறக்கும். தண்டின் கழுத்தில், அலகுக்கு அடியில் ஊசியை விட்டுப் போடும் இரண்டு மூன்று தையல்கள் இதைத் தடுத்துவிடுகின்றன.

ரவிக்கை தைப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். ரவிக்கையின் முன்பக்கம் ஒரு பட்டியில் ஐந்தாறு ஹூக் வைத்து, எதிர்ப் பட்டியில் கம்பி வளையத்துக்குப் பதிலாக நூலாலேயே கண் கட்டுகிறார்கள். இரண்டு மூன்று இழை நூலைச் சிறு பாலமாக விட்டு, அதன் மேல் காஜா முடிச்சை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் உறுதியான கண் கிடைக்கும். எம்மிங் வேலையோடு சேர்த்து ஹூக் கட்டுவதையும் பல கடைகள் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களிடம் கொடுத்து வாங்குகின்றன. நூல் கண்ணை மலிவுக்காகச் செய்யும் மாற்று ஏற்பாடு என்று நினைப்பது சரியல்ல. முடிச்சுகளின் சொரசொரப்பு கம்பியைப் பற்றிக்கொள்கிறது. துணி தொய்யும்போது நூல் கண்ணும் கூடவே மடங்கிக் கொக்கியோடு ஒட்டி நிற்கிறது. டிலாங்கின் மேடு செய்த வேலையில் ஒரு பங்கை நூலே செய்துவிடுகிறது. துருப்பிடிக்காது, வெளியே தெரியாது, அறுந்தால் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம்.

கொக்கிகள் கழலும் தொல்லையிலிருந்து தப்ப வேறு பாதையில் போனவர்களும் உண்டு. விட்கம்ப் ஜட்சன் 1893இல் காப்புரிமை பெற்ற காலணிப் பூட்டில் கொக்கி வரிசையை ஒரு நகர்த்தி கொண்டு இழுத்து மூடினார். அவரும் அவருடைய நிறுவனமும் பின்னர் செய்த வடிவங்கள் வளையும்போது திறந்துகொண்டன. கிடியான் சண்ட்பேக் 1913இல் கொக்கியையே கைவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பற்களை அமைத்தார். கொக்கியில்லாப் பூட்டு என்ற பெயரில் வந்த அதுதான் இன்றைய ஜிப். இதன் பிறகு பாவாடை, பாண்ட் எல்லாவற்றிலும் ஜிப் புகுந்தது. ஆனாலும் ஜிப்பின் தலைப்பில் ஒரு கொக்கி இன்றும் நிற்கிறது, இழுவிசை முழுவதும் சேரும் இடம் அது என்பதால். பிரா பட்டியிலும் கொக்கியே நிலைத்தது. அங்கே மூன்று வரிசை வளையங்கள் வைப்பதற்குக் காரணம், நாளாக நாளாக மீள்நாடா தளர்வதுதான். புதிதில் கடைசி வரிசையில் மாட்டி, தளரத் தளர உள்வரிசைக்கு மாறலாம். நாடாவின் இழுவிசை எப்போதும் இருப்பதால் இங்கே மேட்டின் தேவையும் குறைவு.

இன்று கொக்கியைத் திருத்த முனைபவர் கவனிக்க வேண்டியது விரல் வலுக் குறைந்தவர்களை. மூட்டுவாதம் உள்ள கைக்கு, மேட்டைத் தாண்டி வளையத்தை வெளியே எடுப்பது பெரும்பாடு. கழலாமல் இருப்பதும் கழற்ற எளிதாக இருப்பதும் முரண்போலத் தோன்றினாலும் ஒரு வழி இருக்கிறது. உடல் அசைவு கொக்கியைத் துணியின் தளத்துக்குள்ளேதான் முன்னும் பின்னும் நகர்த்துகிறது. விரல்களோ இரண்டு ஓரங்களையும் கிள்ளி மேலே மடக்க முடியும். அது உடல் பெரும்பாலும் தானாகச் செய்யாத அசைவு. ஆகவே வளையம் தட்டையாக வரும்போது மேட்டில் முட்டி நிற்கவும், சாய்ந்து வரும்போது மேட்டின் ஓரமாக வழுக்கி வெளியேறவும் தக்கபடி மேட்டை அலகின் அகலம் முழுவதும் போடாமல் நடுவில் மட்டும் எழுப்பலாம். வளையத்தின் முகப்பையும் அதற்கேற்பச் சற்றே வில்லாக வளைக்கலாம். அப்படிச் செய்த மாதிரியைச் சோதிக்கும்போது எத்தனை கிலோ இழுப்பைத் தாங்குகிறது என்று மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. துணியில் தைத்து, தொய்யவிட்டு, ஆயிரக்கணக்கான முறை உலுக்கிப் பார்க்க வேண்டும். துவைத்துக் காயவைத்த பிறகு மறுபடியும் உலுக்க வேண்டும். மாட்டவும் கழற்றவும் தேவைப்படும் விசையை முதல் நாளும் கடைசி நாளும் அளந்து ஒப்பிட வேண்டும். அலகு நிரந்தரமாக வளைந்திருக்கிறதா என்பது அந்த இரண்டு அளவுகளின் வேறுபாட்டில் தெரிந்துவிடும்.